மாணவர்களை உண்ணி கடித்தால்: பள்ளியில் பார்த்ததும் செய்ததும்

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, தாம்பரம் பக்கம்

எங்கள் பள்ளியின் முதலுதவிப் பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது. முழங்கால் சிராய்ப்பும் மூக்கில் ரத்தமும் அன்றாடம் வருபவை. மழை ஓய்ந்து மைதானத்து ஓரம் புல் மண்டிக் கிடக்கும் மாதங்களில் உண்ணிக்கடியும் சேர்ந்துகொள்கிறது. உண்ணியைப் பிடுங்கிப் போட்டதும் விஷயம் முடிந்துவிட்டது என்று பல பள்ளிகளில் நினைக்கிறார்கள். பிடுங்குவது இரண்டு நிமிட வேலை. அடுத்த மூன்று வாரங்கள்தான் கவனிக்க வேண்டிய காலம்.

போன வருடம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி காதுக்குப் பின்னால் ஏதோ உறுத்துகிறது என்று வந்து நின்றாள். ரிப்பனை அவிழ்த்து முடியை ஒதுக்கினால், காது மடல் தலையோடு சேரும் மடிப்பில், ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உப்பிய ஒன்று. முதல் பார்வைக்கு மரு என்றுதான் தோன்றும். விரல் நுனியால் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். அடியில் கால்கள் அசைந்தன. சுற்றி நின்ற பிள்ளைகள் "ஐயோ, நாய் உண்ணி!" என்று விலகினார்கள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. கடியைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, "புல்லில் நடக்கிற யார் மீதும் ஏறும் கண்ணு, டீச்சர் மீதும் ஏறும்" என்று சொன்ன பிறகே இடுக்கியைக் கையில் எடுத்தேன். உண்ணிக்கும் அழுக்குக்கும் சம்பந்தமே இல்லை. தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளையையும் அது கடிக்கும். இதை முதலில் ஆசிரியர்கள் நம்ப வேண்டும். நாம் முகம் சுளித்தால் அடுத்த பிள்ளை மறைத்துக்கொள்ளும்.

ஆயாம்மா மண்ணெண்ணெய் தொட்டு வைத்தால் தானாக விழுந்துவிடும் என்றார். அக்கறையில் சொன்னார், ஆனால் கூடாது. எண்ணெய், சுண்ணாம்பு, நெயில் பாலிஷ், ஊதுபத்திச் சூடு எதுவுமே வேண்டாம். எரிச்சலூட்டப்பட்ட உண்ணி, உறிஞ்சியதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடக்கூடும். அதில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போகும். நுனி மெல்லிய இடுக்கியால், உப்பிய வயிற்றை அமுக்காமல், தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, முறுக்காமல் சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். தோல் சற்று மேலே எழும்பும். வெடுக்கென்று இழுக்காமல், பிடியையும் தளர்த்தாமல் இருந்தால் சில நொடிகளில் அது விட்டுவிடும். கடிவாயைச் சோப்புத் தண்ணீரால் கழுவி ஸ்பிரிட் தடவினேன். உண்ணியை நகத்தால் நசுக்காமல் செலோடேப்பில் ஒட்டி, பதிவேட்டில் தேதியோடு வைத்தேன்.

அன்றே பெற்றோருக்கு டைரியில் எழுதியது இதுதான்: "இன்று உங்கள் மகளின் வலது காதின் பின்புறம் உண்ணி ஒன்று கடித்திருந்தது. முழுவதுமாக எடுத்துவிட்டோம். பயப்பட வேண்டாம். இன்னும் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடலில் தடிப்பு எது வந்தாலும் இந்தக் குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள்." கீழே தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கு வரி இல்லாவிட்டால், பத்து நாள் கழித்து வரும் காய்ச்சலையும் இந்தக் கடியையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

நம் ஊரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். ஆனால் இதைப் பரப்புவது நாம் இடுக்கியால் எடுக்கும் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் வேறொரு சிற்றுயிரின் இளம்பருவம். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கடித்தது தெரியவே தெரியாது. கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் வரும். நாய் உண்ணியும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு காய்ச்சலைப் பரப்பக்கூடியது. அதனால் ஒரு பிள்ளையின் உடலில் உண்ணி கண்ணில் பட்டால், அந்தப் பிள்ளை எங்கே உலவியது என்பதையும் கேட்டு எழுதிவிடுகிறேன். புதருக்குள் பந்து எடுக்கப் போனவர்கள் நான்கு பேர் என்றால் நான்கு வீட்டுக்கும் குறிப்பு போகும்.

ஒரு தாய், பெரம்பூர்

டீச்சர் சொன்ன டைரிக் குறிப்பு என் மகன் விஷயத்தில் எவ்வளவு உதவியது என்று எழுதியே ஆக வேண்டும். டிசம்பரில் அவனுக்குக் காய்ச்சல். டெங்கு பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆனால் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவரிடம் டைரியைக் காட்டினேன். வகுப்புத் தோழனை உண்ணி கடித்ததாகவும், இவனும் அதே புதர்ப் பக்கம் விளையாடியதாகவும் அதில் இருந்தது. உடனே சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, காதின் பின்புறம் என்று ஒவ்வொரு மடிப்பாக விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இடது அக்குளில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த ஒரு பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. "இது வலிக்கவில்லையா தம்பி?" என்று கேட்டார். இவன் இல்லை என்று தலையாட்டினான். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. பிறகு பிள்ளை எப்படிச் சொல்லும்? பத்து வயதுப் பையன் தானே குளிக்கிறான், நாம் எங்கே பார்க்கிறோம்!

ரத்தப் பரிசோதனையில் ஸ்க்ரப் டைபஸ் உறுதியானது. முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றே அசித்ரோமைசின் தொடங்கினார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கு முன் கொடுத்துக்கொண்டிருந்த அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது என்று அவர் விளக்கியபோதுதான், ஐந்து நாட்கள் ஏன் வீணாயின என்று புரிந்தது. தாய்மார்களே, மழைக்காலக் காய்ச்சல் என்றால் குழந்தையின் உடம்பு முழுவதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பள்ளிச் செவிலியர், அடையாறு

இரண்டு மூன்று விஷயங்கள் மட்டும் சேர்க்கிறேன். எடுக்கும்போது வாய்ப்பகுதி உடைந்து தோலில் தங்கிவிட்டால் ஊசியால் குடைய வேண்டாம். எளிதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தோல் ஆறும்போது தானே தள்ளிவிடும். கையுறை போடுங்கள். கடித்த உடனே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் படித்தது பெரும்பாலும் அமெரிக்காவில் உண்ணியால் பரவும் லைம் நோய் பற்றி. நம்மிடம் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்திருந்து, வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போவதே சரி.

காய்ச்சலோடு மூச்சு வாங்குதல், நிற்காத வாந்தி, அரைத் தூக்கமாகக் கிடத்தல் இருந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். முற்றிய ஸ்க்ரப் டைபஸ் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், முற்றிய நிலையில் வரும் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஏற்றுவது தனித்தனியாகத் தருவதைவிடப் பலன் தருகிறது என்று கண்டார்கள். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் அந்த அளவுக்குப் போகத் தேவையே இல்லை.

உடற்கல்வி ஆசிரியர், வியாசர்பாடி

எங்கள் பள்ளியில் உண்ணி வந்தது புல்லிலிருந்து அல்ல, சுவரிலிருந்து. கோடை விடுமுறையில் மேடைக்கு அடியில் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. பள்ளி திறந்ததும் மேடையை ஒட்டிய வகுப்பில் பிள்ளைகள் கழுத்தைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகைக்குக் கீழே காரை பெயர்ந்த விரிசலை டார்ச் அடித்துப் பார்த்தேன். கடுகளவு குஞ்சுகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. நாய் உண்ணியின் வழக்கமே இதுதான். ரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

நாயை அடித்து விரட்டலாம் என்று யோசனை வந்தது. கடுமையாக எதிர்த்தேன். அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? தவிர, நாய் போனாலும் உண்ணி போகாது. இரை இல்லாமல் மாதக்கணக்கில் விரிசலுக்குள் காத்திருக்கும். நாய் கிடைக்காதபோது பிள்ளைகள் மீது ஏறும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டு, தாய்க்கும் குட்டிகளுக்கும் உண்ணி மருந்து கொடுத்தோம். அந்த வகுப்பை வேறு அறைக்கு மாற்றி, விரிசல்களைச் சிமென்ட் வைத்துப் பூசி, விடுமுறை நாளில் பூச்சிமருந்து அடித்தோம். முட்டை பிறகுதான் பொரியும் என்பதால் ஒரு தடவை அடித்து நிறுத்திவிடக் கூடாது, இடைவெளி விட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்தோம். அந்த நாய் இன்றும் எங்கள் வாசலில்தான் இருக்கிறது, காதில் கருத்தடை முடிந்ததற்கான வெட்டு அடையாளத்தோடு.

ஆசிரியர், அம்பத்தூர்

ஜனவரியில் எட்டாம் வகுப்பை வயநாட்டுக்கு அழைத்துப் போகிறோம். அங்கே குரங்குக் காய்ச்சல் இருக்கிறது என்று பெற்றோர் தயங்குகிறார்கள். என்ன பதில் சொல்வது?

நடுநிலைப் பள்ளி ஆசிரியை, தாம்பரம் பக்கம்

சார், அவர்கள் தயங்குவது நியாயம்தான். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறிந்த நோய் அது, வயநாட்டிலும் பரவியிருக்கிறது. காட்டு உண்ணியால் வருவது, அதன் பருவமும் நீங்கள் போகும் மாதங்களில்தான். புறப்படும் முன் அந்த மாவட்டச் சுகாதார அலுவலகத்தில், தங்கும் இடத்தின் பக்கம் குரங்குகள் செத்து விழுந்த செய்தி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் இடத்தை மாற்றுங்கள். போனால் முழுக்கை, முழுக்கால் சட்டை. பேன்ட்டின் கீழ்விளிம்பு சாக்ஸுக்குள். டீட் கலந்த பூச்சிவிரட்டி. சருகு மேல் உட்கார விடாதீர்கள். தினமும் மாலை அறைக்குத் திரும்பியதும் குளித்து, உடை மாற்றி, காது, பிடரி, அக்குள், இடுப்புப் பட்டி படும் இடம் எல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாணவிகளுக்கு ஆசிரியைகள் உதவட்டும். இடுக்கி இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று எப்போதும் பஸ்ஸிலேயே தங்கிவிடும். திரும்பி வந்ததும் எல்லா டைரியிலும் பயணத் தேதியை எழுதிவிடுங்கள்.