யாரை விட?

(வீட்டுக் குழு, ஞாயிறு இரவு 8.40)

வள்ளி: யாராவது இந்தக் கணக்கைப் பாருங்களேன். அரசு வேலைக்கான குரூப் 4 மாதிரித் தேர்வில் வந்தது. "கோபியின் சம்பளம் ராணியின் சம்பளத்தை விட 25% அதிகம் எனில், ராணியின் சம்பளம் கோபியின் சம்பளத்தை விட எத்தனை சதவீதம் குறைவு?" நான் 25 என்று போட்டேன். விடைக்குறிப்பில் 20 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

சித்தப்பா: பிழைதான். 25 படி ஏறினால் இறங்குவதும் 25 படிதானே.

செந்தில்: அப்பா, கொஞ்சம் பொறுங்கள். 20தான் சரி.

அத்தை: கோபிக்கு மட்டும் எதற்கு அதிகச் சம்பளம்? முதலில் அதைக் கேள் கண்ணு.

செந்தில்: வள்ளி, "விட" என்ற சொல்லுக்கு முன்னால் யார் நிற்கிறாரோ அவருக்கு 100 கொடு. முதலில் "ராணியின் சம்பளத்தை விட" என்று வருகிறது. ராணி 100, கோபி 125. அடுத்து "கோபியின் சம்பளத்தை விட" என்று திருப்புகிறான். இப்போது கோபிதான் அளவுகோல். வித்தியாசம் அதே 25 ரூபாய், ஆனால் 125 ரூபாயில் 25. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20%.

வள்ளி: அட! ரூபாய் மாறவில்லை, எதால் வகுக்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

செந்தில்: அவ்வளவுதான். சர்க்கரை விலை 25% ஏறினால், செலவு ஏறாமல் இருக்க எத்தனை சதவீதம் குறைவாக வாங்க வேண்டும் என்றும் கேட்பார்கள். வேடம் வேறு, கணக்கு இதே. அதற்கும் 20தான்.

அத்தை: இதை உங்கள் மாமாவுக்கு அனுப்புகிறேன். விலை ஏறாவிட்டாலும் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய ஆள்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: தம்பி, நான் படித்துவிட்டேன். உன் கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் 20% ஏற்றி எழுதி, அப்புறம் 20% குறைப்பாயா?

சித்தப்பா: அக்கா, ஊரே செய்வதுதான். கைக்குப் பழைய விலை வந்துவிடும் என்று நினைத்தேன்.

செந்தில்: வராது அப்பா. 1000 ரூபாய் 1200 ஆகிறது. அந்த 1200க்கு 20% என்றால் 240 போகிறது. மிச்சம் 960. ஏற்றியது 1000த்தில், குறைத்தது 1200இல்.

சித்தப்பா: 40 ரூபாய் போச்சா!

வள்ளி: இன்னொன்று. "ஒரு தேர்வில் 30% மதிப்பெண் பெற்றவர் 15 மதிப்பெண்ணில் தோல்வியடைந்தார். 40% பெற்றவர் தேர்ச்சி மதிப்பெண்ணை விட 35 கூடுதலாகப் பெற்றார். மொத்த மதிப்பெண் என்ன?" எக்ஸ் போட்டு, தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு ஒய் போட்டு, அரைப் பக்கம் ஓடியது. நடுவில் எங்கேயோ கூட்டல் கழித்தல் குறியை மாற்றிவிட்டேன்.

செந்தில்: ஒய் தேவையில்லை. தேர்ச்சி மதிப்பெண் ஒன்றுதான், அதை இரண்டு விதமாகச் சொல்கிறான். எக்ஸில் 30% கூட்டல் 15. எக்ஸில் 40% கழித்தல் 35. தோற்றவருக்குக் கூட்டு, ஜெயித்தவரிடம் கழி. இரண்டும் சமம் என்று எழுதினால்

பாட்டி: (குரல் செய்தி, 19 விநாடி)

அத்தை: கேட்காதவர்களுக்கு எழுதுகிறேன். அம்மா சொல்வது: "முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் பத்து. பதினைந்தும் முப்பத்தைந்தும் சேர்ந்தால் ஐம்பது. நூற்றுக்குப் பத்து ஐம்பது என்றால் முழுசு ஐநூறு. இதற்கு எதற்கடா எக்ஸ்? மாவு அரைக்க வேண்டும், கிரைண்டரைக் கழுவினீர்களா?"

செந்தில்: 500 சரிதான். சரிபார்க்கவும் செய்யலாம்: 150 கூட்டல் 15, 165. 200 கழித்தல் 35, அதுவும் 165. பாட்டி மனதுக்குள் போட்டதும் அந்தச் சமன்பாடுதான். எழுதவில்லை, அவ்வளவே.

வள்ளி: பாட்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்குங்கள்!

செந்தில்: போன தடவை நான் கோட்டைவிட்ட இடத்தைச் சொல்கிறேன். 200 கேள்வி, 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. கணக்கும் அறிவுக்கூர்மையும் 25 கேள்விதான். நான் அதில் முதலில் உட்கார்ந்து, ஒரே வட்டிக் கணக்கில் ஆறு நிமிடம் தொலைத்தேன். நீ தமிழை முடித்துவிட்டு வா. தமிழின் 100 கேள்வியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்கில் சிக்கினால், கொடுத்திருக்கும் விடைகளையே அதில் வைத்துப் பார், ஒன்று பொருந்தும். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் "விடை தெரியவில்லை" வட்டத்தில் சும்மா கை வைக்காதே.

சித்தப்பா: சரி, என் கணக்கு ஒன்று. இன்று ஒரு சேலை, 5% வரியோடு சேர்த்து 2100. கடைப் பையன் 2100க்கு 5% போட்டு வரி 105 என்று எழுதியிருக்கிறான். எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

வள்ளி: இருங்கள் செந்தில் அண்ணா, நான் சொல்கிறேன். வரி எதன் மேல்? வரி சேருமுன் இருந்த விலையின் மேல். அதுதான் 100. அப்போது 2100 என்பது 105 பங்கு. ஒரு பங்கு 20 ரூபாய். சேலை 2000, வரி 100.

செந்தில்: ஆகா.

சித்தப்பா: அப்போ ஒவ்வொரு சேலைக்கும் 5 ரூபாய் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேனா? வள்ளி, நாளைக்குக் கடைக்கு வந்து அந்தப் பையனுக்கு இதைச் சொல்லிக்கொடு.

வள்ளி: தேர்வு முடியட்டும் சித்தப்பா.

அத்தை: கிரைண்டரை யாராவது கழுவினீர்களா?