ஏழாம் வகுப்புப் பையனுக்கு தேசிய ரேங்க்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஃபிரிஸ்கோ அப்பா:

வணக்கம். என் மகன் ஏழாம் வகுப்பு. டெக்சாஸ் பப்ளிக் ஸ்கூல்களில் ஃபுட்பால் ஆரம்பிப்பதே ஏழாம் வகுப்பில்தான் (நான் சொல்வது ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்). ஸ்கூல் டீமுக்காக அவன் ஒரு மேட்ச் ஆடுவதற்கு முன்பே அவனுக்கு ஒரு தேசிய ரேங்க் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

கூட ஆடும் பையன்கள் போகிறார்கள் என்று ஒரு சனி, ஞாயிறு கேம்பில் சேர்த்தோம். கட்டணம் கட்டி, முதுகில் நம்பர் ஒட்டி, உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளந்தார்கள். நாற்பது கெஜ ஓட்டத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறித்தார்கள். பிறகு ஒருவனை ஒருவன் மறித்து ஆடும் ஒன்-ஆன்-ஒன். கோட்டுக்குப் பின்னால் டேப்லெட்டோடு இரண்டு பேர், வீடியோ எடுக்க ஒருவர். அங்கே என் கண்ணில் பட்டது இதுதான்: ஒரே வகுப்பு என்று நிறுத்திய வரிசையில் மீசை அரும்பிய பையனும் இருந்தான், குரல் உடையாத பையனும் இருந்தான். இருவரும் எதிரெதிரே நின்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. டேப்லெட்டில் ஏறியதும் அதுதான்.

சில நாள் கழித்து மெயில் வந்தது. உங்கள் மகன் தன் வகுப்பில், தன் பொசிஷனில், நாட்டின் முதல் நூறு பேருக்குள் இருக்கிறான், ஃபுளோரிடாவில் நடக்கும் தேர்வுப் போட்டிக்கு அழைக்கிறோம் என்று. போட்டிக் கட்டணம், விமானம், ஹோட்டல் எல்லாம் எங்கள் செலவு. நாட்டில் எத்தனை ஏழாம் வகுப்புப் பையன்களைப் பார்த்துவிட்டு இந்த 'முதல் நூறு' என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

பணத்தைக்கூட விடுங்கள். பையன் ராத்திரி படுக்கும்முன் கேம்ப்காரர்களின் ரேங்க் பட்டியல் பக்கத்தைத் திறந்து, தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பார்க்கிறான். அவனோடு அதே கேம்புக்கு வந்த ஒரு சின்னப் பையன் பட்டியலில் இல்லை. அவன் இப்போது பிராக்டிசுக்கே வருவதில்லை. நல்ல ஆட்டக்காரன், பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்னே தெரிந்துகொள்பவன். அவனை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

இது புதுசும் இல்லை. 2010-ல் டெலவேரைச் சேர்ந்த டேவிட் சில்ஸ் என்ற 13 வயதுப் பையனுக்கு, ஏழாம் வகுப்பிலேயே, கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி. பல்கலைக்கழக கோச் லேன் கிஃபின் ஸ்காலர்ஷிப் ஆஃபர் (எங்கள் டீமில் ஆடினால் படிப்புச் செலவு எங்களுடையது என்ற அழைப்பு) கொடுத்தார். 2013-ல், ஆட்டக்காரர்களுக்கு ரேங்க் போடும் ரைவல்ஸ் தளம் ஆறாம் வகுப்புப் பையன்கள் இருவருக்குத் தனிப் பக்கமே திறந்தது. உங்கள் வீட்டில் இப்படி யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால் சொல்லுங்கள்.

கேட்டி அம்மா:

அண்ணா, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்தது. என் பெரியவனோடு வளர்ந்த பையன், எட்டாம் வகுப்பில் ஒரு காலேஜ் கேம்புக்குப் போனான். அங்கேயே கோச் தோளில் கை போட்டு "உனக்கு ஆஃபர்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் ட்விட்டரில் போட்டோ, வாழ்த்து, கேக். நாங்களும் போய் வாழ்த்தினோம், மனசார.

அந்த ஆஃபருக்குப் பின்னால் காகிதம் எதுவும் கிடையாது என்பது அவன் பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் அந்த வீட்டுக்கே புரிந்தது. கோச் வேறு காலேஜுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் போனை எடுக்கவில்லை. காலேஜ் விளையாட்டு விதிப்படி பார்த்தால் எழுத்தில் ஆஃபர் கொடுக்கவே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 வரை பொறுக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1-க்கு முன் காலேஜ் கோச் நம் பையனுக்கு ரெக்ரூட்டிங் (டீமுக்கு ஆள் சேர்க்கும்) கடிதமோ மெயிலோ அனுப்பக்கூடாது. அதற்கு முன் வாயால் சொல்வது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது, பையனையும் சேர்த்து. ஆனால் பதிமூன்று வயதுப் பையன் அதை வாக்காகத்தானே எடுத்துக்கொள்வான்?

நீங்கள் சொன்ன டேவிட் சில்ஸ் கதையின் மீதியையும் சொல்கிறேன், நானே தேடிப் படித்தேன். கிஃபினை 2013-ல் நடு சீசனில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பையன் யு.எஸ்.சி. பக்கமே போகவில்லை, வெஸ்ட் வர்ஜீனியாவில் சேர்ந்தான். குவார்ட்டர்பேக்காகத்தான் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆடுவேன் என்று நடுவில் ஒரு வருஷம் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜுக்குப் போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து, எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கும் வைடு ரிசீவராக மாறினான். 2017-ல் 18 டச்டவுன் கேட்ச் (எதிரணி எல்லைக்குள் புள்ளி எடுத்துத் தரும் கேட்ச்) பிடித்து நாட்டின் முதலிடத்தில் இருந்தவர்களில் ஒருவன் ஆனான். பதிமூன்று வயதில் எதைப் பார்த்து ஆஃபர் கொடுத்தார்களோ, அந்தப் பொசிஷனே கடைசியில் அவனுடையதாக இல்லை.

இன்னும் இரண்டு பேர் கதை. டேட் மார்டெல் என்ற குவார்ட்டர்பேக் எட்டாம் வகுப்புக்குப் போகுமுன்பே, 2012-ல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்தவர். அந்தக் கோச்சும் 2013 டிசம்பரில் இடம் மாறினார். பையன் பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கு வாக்குக் கொடுத்து, அதையும் மாற்றிக்கொண்டு ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்து, பிறகு மயாமி, யு.என்.எல்.வி. என்று காலேஜ் மாறிக்கொண்டே போனார். டிலன் மோசஸ் ஏழாம் வகுப்பு முடித்த கோடையிலேயே எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) ஆஃபர் வாங்கியவர். அலபாமா பல்கலைக்கழகத்தில் லைன்பேக்கராக (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) நன்றாகவே ஆடினார். 2019 சீசன் முழுக்க முழங்கால் காயத்தில் போனது, 2021 என்.எஃப்.எல். டிராஃப்டில் (தொழில்முறை டீம்கள் காலேஜ் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) யாரும் எடுக்கவில்லை. இவர்கள் மூவரும் திறமைசாலிகள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பிள்ளை இன்னும் எத்தனை வருஷம் வளர வேண்டியிருக்கிறது, அதற்குள் எத்தனை பேர் மாறுவார்கள் என்பதுதான் என் கவலை.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஃபுட்பால் ஆடவில்லை.

நியூ ஜெர்சி பிசியோதெரபிஸ்ட்:

அந்த மீசை விஷயத்தைத்தான் நான் தினமும் கிளினிக்கில் பார்க்கிறேன் சார். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆண் பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் சராசரியாகப் பதிமூன்றரை, பதினான்கு வயது. ஆனால் சராசரியில் யாரும் வளர்வதில்லை. ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும், இன்னொருவனுக்குப் பதினைந்து தாண்டும். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தால், ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பையன்களுக்கு நடுவே மூன்று நான்கு வருஷ வித்தியாசம் வருவது உண்டு. அப்படியானால் அந்த ஒன்-ஆன்-ஒன்னில் ஒருவகையில் பதினைந்து வயதுக்காரனும் பதினொரு வயதுக்காரனும் மோதுகிறார்கள். நாற்பது கெஜ ஓட்டமும் அப்படியே. கால் நீண்டு, தசை ஏறிய உடம்பு வேகமாகத்தான் ஓடும்.

சீக்கிரம் வளர்ந்தவன் சீக்கிரம் நின்றுவிடுகிறான். பின்னால் வளர்பவன் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடுகிறான், சில சமயம் தாண்டியும் போகிறான். அதற்குள் பட்டியலில் இருந்தவனுக்கு நல்ல கோச்சிங், நல்ல டீம், கூடுதல் மேட்ச் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். கனடா ஹாக்கியில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேறுகிறார்கள் என்று 1980-களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குவதுதான் காரணம்.

இதைப் பெற்றோர்களும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் படிப்பில் ஒரு குறையும் இல்லாத பையனை எட்டாம் வகுப்பை இரண்டாம் முறை படிக்க வைத்தவர்கள் உண்டு. ஒரு வயது கூடினால் ரேங்க் ஏறும் என்பதற்காக. ஒரு அப்பா, மகனுக்கு இன்னும் எவ்வளவு உயரம் வரும் என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டார், கேம்ப் நடத்துபவர்களுக்குக் காட்ட. நான் தரவில்லை. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்று. வருஷம் முழுக்க ஒரே விளையாட்டு ஆடும் பிள்ளைகள்தான் குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே வலி என்று என்னிடம் அதிகம் வருகிறார்கள். வளரும் எலும்பின் நுனி இன்னும் இறுகாத வயது அது. கேம்ப், செவன்-ஆன்-செவன் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்), ஸ்கூல் சீசன், மறுபடி கேம்ப் என்று ஓடினால் அந்த இடத்துக்கு ஓய்வே கிடையாது. ஒரு சீசனாவது கூடைப்பந்தோ நீச்சலோ போகட்டும், அல்லது சும்மா இருக்கட்டும்.

அட்லாண்டா அப்பா:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் மகன் போன கேம்பில் ரேங்க் எல்லாம் கிடையாது. முன்னாள் காலேஜ் ஆட்டக்காரர் ஒருவர் தலையை மேலே வைத்து எப்படி டாக்கிள் செய்வது (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) என்று மட்டுமே ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். கொடுத்த காசு அதற்குத் தகும். எல்லாக் கேம்பையும் ஒதுக்க வேண்டாம். போகும்முன் ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள்.

ரெக்ரூட்டிங் ஆபீஸில் வேலை பார்த்தவன்:

காலேஜ் படிக்கும்போது எங்கள் யுனிவர்சிட்டி ஃபுட்பால் ரெக்ரூட்டிங் ஆபீஸில் ஸ்டூடன்ட் உதவியாளராக இருந்தேன். ஃபில்ம், அதாவது மேட்ச் வீடியோ, வெட்டி அடுக்குவதுதான் வேலை. அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

மிடில் ஸ்கூல் ரேங்க் எதையும் அங்கே யாரும் திறந்து பார்த்ததில்லை. காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. கணக்கில் ஃபுட்பாலில் ஒரு பையன் 'ப்ராஸ்பெக்ட்' (காலேஜ் டீமில் சேரக்கூடியவன்) ஆவதே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் (ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் அது ஏழாம் வகுப்பு). எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஆஃபர் கொடுத்தால் அது பெரும்பாலும் செய்திக்காக. காலேஜ் பெயர் அடிபடும், அந்தப் பையனின் அண்ணனோ டீம் நண்பனோ இந்தப் பக்கம் திரும்புவான். உண்மையான மதிப்பீடு பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மேட்ச் ஃபில்மில். ஹைலைட்டை ஓட்டிவிட்டு, முழு மேட்சையும் கேட்டு வாங்குவார்கள். பந்து தன் பக்கம் வராதபோது பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார்கள். டிராக்கில் ஓடிய நேரத்தை ரொம்ப நம்புவார்கள், அது எலக்ட்ரானிக் கடிகாரம் என்பதால். பிறகு ஸ்கூலுக்குப் போன் போட்டு மார்க் கேட்பார்கள்.

ரேங்க் போடும் பெரிய தளங்கள் கொடுக்கும் ஸ்டாரும் தப்பும். 247ஸ்போர்ட்ஸ் வருஷத்துக்குச் சுமார் 32 பேருக்குத்தான் ஃபைவ் ஸ்டார் கொடுக்கிறது, என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றை மனதில் வைத்து. அது பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களைப் பல முறை நேரில் பார்த்துச் சொல்வது. அப்படியும் ஜே.ஜே. வாட்டுக்கு இரண்டு ஸ்டார்தான். சென்ட்ரல் மிச்சிகனில் சேர்ந்து, விட்டுவிட்டு, விஸ்கான்சினில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆட வந்தவர் அவர். பிறகு என்.எஃப்.எல்.லில் மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர். ஹூஸ்டன் டீமில் ஆடியவர் என்பதால், பக்கத்து ஊரான கேட்டியில் இருக்கும் அக்காவுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கும். ஜோஷ் ஆலனுக்கு ஹைஸ்கூல் முடிக்கும்போது முதல் டிவிஷன் (காலேஜ் விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) ஆஃபர் ஒன்றுகூட இல்லை. ரீட்லி என்ற கம்யூனிட்டி காலேஜில் ஆடி, அங்கிருந்து வயோமிங் போய், 2018 டிராஃப்டில் ஏழாவதாக எடுக்கப்பட்டார்.

இப்போது நிலைமை இன்னும் இறுகிவிட்டது. காலேஜ் மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்தது. 2021-லிருந்து முதல் முறை மாறுகிறவர்கள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். கோச்சுகள் இருபத்தொரு வயதுக்காரனை, காலேஜில் ஏற்கெனவே ஆடிக் காட்டியவனை, எடுக்கவே விரும்புகிறார்கள். 2025-ல் நீதிமன்ற வழக்கில் வந்த சமரச ஒப்பந்தத்தோடு டீமுக்கு 105 பேர் என்று வரம்பும் வந்திருக்கிறது. ஹைஸ்கூலில் சுமார் பத்து லட்சம் பேர் ஃபுட்பால் ஆடுகிறார்கள். அதில் காலேஜில் ஆடுபவர்கள் நூறில் ஏழு பேர் அளவுதான், முதல் டிவிஷனில் மூன்று பேர்கூட இல்லை.

ஃபிரிஸ்கோ அப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஃபுளோரிடாவுக்குப் போகவில்லை என்று எழுதிவிட்டேன். மகனிடம் எலும்பு வயது பற்றி, பிசியோதெரபிஸ்ட் மேலே எழுதியதை அப்படியே காட்டிப் பேசினேன். முதலில் கோபப்பட்டான், அப்புறம் நிறையக் கேள்வி கேட்டான். இந்தச் சீசன் ஸ்கூல் டீம், வசந்தத்தில் டிராக், கோடையில் ஒன்றும் இல்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.

வராமல் நின்றுவிட்ட பையனின் அப்பாவிடமும் நேற்று போனில் பேசினேன், ஆஃபீஸில் வேலை பார்த்த தம்பி எழுதியதையும் அனுப்பினேன். திங்கட்கிழமை பையனை அழைத்து வருவதாகச் சொன்னார். அட்லாண்டா நண்பர் சொன்ன மாதிரி டாக்கிள் மட்டும் சொல்லித் தரும் கோச் டல்லாஸ் பக்கம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், இரண்டு பையன்களையும் சேர்த்து அழைத்துப் போகிறேன்.