ஹாவ் பார் வில்லா: ஏழு வயதுப் பையனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

உறையூர் மருமகள் கேட்கிறார்:

பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் சிங்கப்பூர் வருகிறோம். நான், கணவர், ஏழு வயதுப் பையன், முழங்கால் வலியோடு மாமியார். யுனிவர்சலுக்கு ஒரு நாள், உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் என்று எழுதி வைத்ததிலேயே பட்ஜெட் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்குத் தேடும்போது, தீம் பார்க் பட்டியல் ஒன்றில் ஹாவ் பார் வில்லா என்று பார்த்தேன். அனுமதி இலவசமாம். இலவசமாக ஒரு தீம் பார்க்கா?

படங்களைப் பார்த்தால் நண்டின் உடம்பில் பெண் தலை, குண்டு வயிற்றோடு சிரிக்கும் புத்தர், பக்கத்திலேயே நியூயார்க் சுதந்திர தேவி. ராட்டினம் மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இதை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள்? பையனுக்குப் பிடிக்குமா? ஏற்றம் அதிகமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாசிர் பாஞ்சாங் பழசு:

ராட்டினம் கிடையாது. ஏறி உட்கார, சறுக்கி விழ ஒன்றுமே கிடையாது. அது வேண்டுமென்றால் யுனிவர்சலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது சிமெண்டில் கதை சொல்கிற தோட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள், எல்லாம் பளீரென்ற பெயின்டில்.

கட்டினவர் தைல வியாபாரி. சிங்கப்பூர் போய் வந்த யாராவது உங்கள் வீட்டுக்கும் கொடுத்திருப்பார்கள், ஆறு பட்டை வைத்த சின்னக் கண்ணாடிப் புட்டி, மேலே பாயும் புலி. அந்த டைகர் பாம்தான். அதை ஊர் உலகமெல்லாம் விற்றவர்கள் அவ் பூன் ஹாவ், அவ் பூன் பார் என்ற அண்ணன் தம்பி. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து பர்மாவுக்குப் பிழைக்க வந்த வைத்தியரின் பிள்ளைகள், ரங்கூனில் வளர்ந்தவர்கள். 1920களில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணனுக்கு விளம்பரம் என்றால் உயிர். காரின் முகப்பில் புலித்தலை வைத்து, ஹாரன் அடித்தால் உறுமுகிற மாதிரி செய்து ஊரைச் சுற்றி வந்தவர்.

1937-ல் தம்பிக்காக அண்ணன் இந்தக் குன்றின் மேல் ஒரு மாளிகை கட்டினார். சுற்றிலும் தோட்டம், தோட்டத்தில் சிலைகள். ஹாங்காங்கில் இதற்கு முன்பே, 1935-ல், இதே போல ஒன்று போட்டிருந்தார். அது 2004-ல் இடிபட்டுவிட்டது. இங்கே யுத்தம் வந்ததும் ஜப்பான்காரர்கள் குன்றைப் பிடித்துக்கொண்டார்கள், கடலைக் கண்காணிக்க வசதியான இடம். தம்பி பர்மாவுக்குப் போனவர் 1944-ல் அங்கேயே இறந்தார். யுத்தம் முடிந்து திரும்பிய அண்ணன், சிதைந்து கிடந்த வீட்டை மொத்தமாக இடித்துப் போட்டார். தோட்டத்தை மட்டும் 1954-ல் தான் இறக்கும் வரை பெருக்கிக்கொண்டே இருந்தார். அதனால் பெயரில் வில்லா இருக்கிறதே என்று அங்கே போய் வீட்டைத் தேடாதீர்கள்.

சுதந்திர தேவி, சுமோ பயில்வான், கங்காரு எல்லாம் அவருக்குப் பிறகு தம்பி மகன் ஒருவர் பொறுப்பில் வந்தவை. வெளிநாடு போய் வந்த நினைவுக்கு ஊருக்கு ஒன்றாக வைத்தார் அவர். ரசனை என்று பார்த்தால் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் பிள்ளைகள் நேராக அங்கேதான் ஓடும்.

எழுபதுகளில் நாங்கள் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அப்போது தோட்டத்துக்கு எதிரே சாலையைத் தாண்டினால் கடல். இப்போது மண் கொட்டிக் கடலை நிரப்பி, கொள்கலன் முனையம் கட்டிவிட்டார்கள். தோட்டத்துக்கு டிக்கெட் இல்லை, அதனால் உறவுக்காரர்கள் யார் வந்தாலும் அம்மா அங்கேதான் கூட்டிப் போவார். சீனப் புத்தாண்டு சமயத்தில் மட்டும் கிட்டே போக முடியாது, அவ்வளவு கூட்டம்.

அம்மாவுக்குப் பிடித்த இடம் நரகத்தின் பத்து மன்றங்கள். முதல் மன்றத்தில் கணக்குப் பார்க்கிறார்கள், புண்ணியம் செய்தவர்கள் பாலத்தைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்குக் குற்றத்துக்கு ஏற்ற தண்டனை. வரி ஏய்த்தவனையும் வாடகை தராதவனையும் கல் உலக்கையால் இடிக்கிறார்கள். பரீட்சையில் காப்பி அடித்தால் குடலை உருவுகிறார்கள். சோற்றை வீணாக்கினால் ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். இந்தக் கடைசி ஒன்றைத்தான் அம்மா எங்களிடம் விடாமல் காட்டுவார். சிலை ஒன்றும் பெரிதில்லை, பொம்மை அளவுதான். ஆனால் அறுபடுகிறவன் முகத்தைச் செய்தவன் கெட்டிக்காரன். வாய் ஒரு பக்கமாகக் கோணி, கண் நம்மையே பார்க்கும். ரத்தத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்திருப்பதால் எப்போதும் ஈரமாகவே தெரியும். அன்று ராத்திரி தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

உங்கள் மாமியாருக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. ஐந்தாம் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ராஜா நம்ம எமன்தான். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய், அங்கத்திய உடை போட்டுக்கொண்டவர். பத்தாவது மன்றத்தில் ஒரு கிழவி பழசெல்லாம் மறந்துபோக ஒரு கோப்பை தேநீர் கொடுக்கிறாள், அதைக் குடித்துவிட்டு அடுத்த பிறவிக்குப் போக வேண்டியதுதான்.

பையனுக்குக் குரங்கரசன் கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். புத்த நூல் தேடி இந்தியாவுக்கு வரும் துறவிக்குத் துணையாக ஒரு குரங்கு, ஒரு பன்றி முகத்தான். வழியில் சிலந்திப் பெண்கள், பேய்கள். அந்தத் துறவி வேறு யாருமில்லை, பள்ளிப் புத்தகத்தில் காஞ்சிபுரம் பாடத்தில் வருவாரே, யுவான் சுவாங், அவரேதான். இந்தக் காட்சிகள் நரகத்துக்கு வெளியே, திறந்த வெளியில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பெற்றோரைப் பேணியவர்களின் சீனக் கதைகள் இருபத்துநாலு உண்டு. அதில் ஒன்று, பல் போன மாமியாருக்கு மருமகள் தாய்ப்பால் கொடுக்கிறாள். அது அங்கே சிலையாக, நாலு பேர் பார்க்க, நடுவாந்திரமாக நிற்கிறது. மாமியாரோடு போகிறீர்கள், உங்கள் சாமர்த்தியம்.

ஈசூன் அம்மா:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் ஏழு வயதுக்கு நரகம் வேண்டாம். என் மகள் எட்டு வயதில் பார்த்தாள். அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. அவர் காலத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வளர்த்தார்கள், நாம் அப்படியா?

இன்னொரு விஷயம், இப்போது அது தனி. 2021 அக்டோபரில் பத்து மன்றங்களையும் சேர்த்து நரக அருங்காட்சியகம் என்று திறந்தார்கள். அதற்கு மட்டும் டிக்கெட். மரணத்தைப் பற்றி ஒவ்வொரு மதமும் என்ன சொல்கிறது என்று முதலில் விளக்கிவிட்டு, அப்புறம்தான் மன்றங்களுக்குள் விடுகிறார்கள். பெரியவர்களுக்கு நன்றாக இருக்கும். உங்கள் கணவரும் மாமியாரும் உள்ளே போகட்டும், நீங்கள் பையனோடு வெளியே ஆமைக் குளத்துப் பக்கம் இருங்கள். வெளித் தோட்டம் முழுக்க இலவசம்தான்.

பாசிர் பாஞ்சாங் பழசு:

பயந்து வளர்ந்து கெட்டுப்போகவில்லை அம்மா, வரி ஒழுங்காகக் கட்டுகிறேன். ஆனால் பையனை உள்ளே விடுவதும் விடாததும் பெற்றவர்கள் பாடு. நான் தலையிடவில்லை.

உறையூர் மருமகள்:

இருவருக்கும் நன்றி. மாமியாரிடம் பால் கொடுக்கும் சிலையின் படத்தைக் காட்டிவிட்டேன். "அந்தக் காலத்து மருமகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஒரு சந்தேகம். என் மாமா தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவரிடம் ஒரு போட்டோ இருக்கிறது, பெரிய டிராகன் வாய்க்குள் படகில் போகிறார். ஹாவ் பார் வில்லா என்றுதான் பின்னால் எழுதியிருக்கிறது. ராட்டினமே இல்லை என்கிறீர்களே?

பாசிர் பாஞ்சாங் பழசு:

அது டிராகன் வேர்ல்டு காலம். இந்த இடத்தை நிஜமான தீம் பார்க்காக்க ஒரு தடவை முயற்சி செய்தார்கள். அந்தக் கதை இது.

1985-ல் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் மூடி வைத்து, 8 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்து, 1990-ல் ஹாவ் பார் வில்லா டிராகன் வேர்ல்டு என்று திறந்தார்கள். தண்ணீர்ச் சவாரி வந்தது, நாடக அரங்கம் வந்தது. பத்து மன்றங்களை ஒரு நீளமான டிராகன் வயிற்றுக்குள் வைத்து, ஆட்களைப் படகில் ஏற்றி உள்ளே அனுப்பினார்கள். உங்கள் மாமா உட்கார்ந்திருப்பது அதில்தான். இருட்டு, தண்ணீர் சலசலப்பு, ஒவ்வொரு வளைவிலும் ஒரு தண்டனை. உண்மையைச் சொன்னால் அந்தப் படகு நன்றாகத்தான் இருந்தது.

டிக்கெட் பெரியவர்களுக்கு 16 வெள்ளி. அதில்தான் இடித்தது. அதுவரை சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுக் காற்றாட நடந்து வந்த அக்கம்பக்கத்து ஜனங்கள் நின்றுபோனார்கள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு வருஷா வருஷம் வந்த குடும்பங்கள், இத்தனை பேருக்கு இவ்வளவா என்று கணக்குப் போட ஆரம்பித்தன. முதலில் புதுசு என்று கூட்டம் வந்தது, லாபமும் வந்தது. ஆனால் படகுச் சவாரியில் இரண்டாம் தடவை போனாலும் அதே எமன், அதே ரம்பம். அதற்கு யார் மறுபடி காசு கொடுப்பார்கள்? கூட்டம் குறைந்து, நஷ்டம் ஏறி, 2001-ல் டிராகன் வேர்ல்டு பலகையைக் கழற்றினார்கள். பழைய பெயரும் இலவச அனுமதியும் திரும்பி வந்தன. டிராகனையும் பிறகு பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

சவாரிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, 1937-லிருந்து செய்து வைத்த சிமெண்ட் பொம்மைகள் நிற்கின்றன. எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் பாழடைந்த மாதிரிதான் கிடந்தது. சிலைகளின் விரல் நுனி உடைந்து உள்ளே கம்பி தெரியும், பெயின்ட் உரிந்து நண்டுப் பெண்ணுக்குத் தோல் வியாதி வந்தது போல இருக்கும். 2011-ல் எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில் ஸ்டேஷன் வந்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. 2015-ல் நிர்வாகம் கைமாறிய பிறகு சிலைகளைச் சரிபார்த்து வர்ணம் பூசுகிறார்கள்.

ஜூரோங் பொறியாளர்:

வரலாறு போதும், வழி சொல்கிறேன். லிட்டில் இந்தியாவில் தங்குவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வடகிழக்கு ரயிலில் ஹார்பர்ஃப்ரண்ட் வரை போய், அங்கே சர்க்கிள் லைனுக்கு மாறினால் நாலாவது ஸ்டேஷன் ஹாவ் பார் வில்லா. வெளியே வந்ததும் பக்கத்திலேயே வளைவு வாசல். டாக்சிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

குன்றுதான், மறுப்பதற்கில்லை. வாசலிலிருந்தே பாதை மேலே ஏறும். சில காட்சிகளுக்குக் குகை மாதிரி குறுகின படி வேறு. மாமியாருக்கு ஒரு கைத்தடி இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்றில்லை. நிழல் குறைவு, அதனால் குடை, தொப்பி, தண்ணீர். காலையில் சீக்கிரம் போய், பதினொன்றுக்குள் கிளம்பிவிடுங்கள். நரக அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, போவதற்கு முன் நேரத்தையும் கட்டணத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். உள்ளே நம்ம சாப்பாடு கிடைக்காது, திரும்பி வந்து லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையில் சாப்பிடலாம்.

உறையூர் மருமகள்:

சரி, செவ்வாய்க்கிழமை காலைக்கு வைத்துவிட்டோம். மாமியாரும் கணவரும் நரகத்துக்கு, நானும் பையனும் குரங்கரசனுக்கு. மாமியார் இப்போதே கேட்கிறார், குடும்பத்தில் கோள் சொல்கிறவர்களுக்கு அங்கே என்ன தண்டனை என்று.

பாசிர் பாஞ்சாங் பழசு:

ஏழாவது மன்றம். நாக்கைப் பிடுங்குவார்கள். அவர் மனதில் யாரை வைத்துக் கேட்கிறார் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.