750 ஜிஇவி மேடு: ஐநூறு கட்டுரையும் வீண்தானே?

கணக்குப்பிள்ளை:
2015 டிசம்பரில், புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி இயந்திரத்தின் அட்லஸ், சிஎம்எஸ் ரெண்டு குழுவும் வரைபடத்தில் ஒரு சின்ன மேட்டைக் காட்டின. மோதலில் வரும் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஜோடிகளின் நிறையைக் கணக்குப் போட்டால் 750 ஜிஇவி (துகள் நிறையை அளக்கும் அலகு) பக்கம் எதிர்பார்த்ததைவிடச் சில நிகழ்வுகள் அதிகம். அவ்வளவுதான். புதுத் துகளோ என்று எட்டு மாதத்தில் அதற்கு விளக்கம் சொல்லி ஏறக்குறைய 500 கட்டுரைகள்! 2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டுக்குப் பல மடங்கு டேட்டாவோடு வந்தார்கள், மேடு தரைமட்டம். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்துக் காதும் குத்தியாயிற்று.

கீழைக்காற்று:
சார், ரெண்டு தனித்தனிக் கருவி ஒரே இடத்தைக் காட்டினால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அட்லஸில் அது 3.9 சிக்மா. சிக்மா கூடக் கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். பிறகு உறுதியான ஹிக்ஸ் போஸான் துகளும் 2011 டிசம்பரில் இப்படித்தான் 125 ஜிஇவி பக்கம் தலைகாட்டியது. அதே ரெண்டு ஃபோட்டான், அதே டிசம்பர்.

கணக்குப்பிள்ளை:
ஹிக்ஸைத் தேட மிச்சமிருந்த நிறை வீச்சே கொஞ்சம்தான். 750-ஐ யார் எதிர்பார்த்தார்கள்? அந்த 3.9, அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் வருவது. தேடிய வீச்சு முழுவதையும் சேர்த்தால் 2.1. குலுக்கலில் உங்கள் சீட்டுக்குப் பரிசு விழுந்தால் அதிசயம்; ஏதோ ஒரு சீட்டுக்கு விழுந்தால் அதிசயமா? 5 சிக்மா வரும்வரை வாயைத் திறக்காதே என்பது அதனால்தான்.

திண்ணைவாசி:
நடுவில் ஒன்று. டேட்டா கூடினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று ரெண்டு பேரும் நம்புகிறீர்கள். எல்எச்சி-யின் இன்னொரு குழுவான எல்எச்சிபி கதை? 2021 மார்ச்சில் 3.1 சிக்மா: பி மேசான் என்ற துகளின் சிதைவில் மியூவானும் (எலக்ட்ரானின் கனமான உறவு) எலக்ட்ரானும், கோட்பாடு சொல்கிறபடி சமமாக வரவில்லை என்றார்கள். 2022 டிசம்பரில் அதுவும் போயிற்று. இது குலுக்கல் இல்லைங்க. எலக்ட்ரான் என்று எண்ணியதில் கொஞ்சம் ஹாட்ரான் (குவார்க்குகளால் ஆன வேறு வகைத் துகள்) கலந்திருந்தது. எத்தனை வருஷம் டேட்டா சேர்த்தாலும் கலப்படம் கலப்படம்தான்.

கீழைக்காற்று:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கவலை வேறு. வினாடிக்கு 4 கோடி முறை புரோட்டான் கொத்துகள் கடக்கின்றன. வட்டில் ஏறுவது சில ஆயிரம்தான். மிச்சத்தை ட்ரிக்கர் என்ற உடனடி வடிகட்டி அங்கேயே கழித்துவிடுகிறது. நமக்குத் தெரிந்த மாடல்களை வைத்தே ட்ரிக்கரை எழுதினால், தெரியாதது எப்படி மாட்டும்? சிஎம்எஸ் 2024-ல் இயந்திரக் கற்றல் ட்ரிக்கர் ஒன்றை ஓடவிட்டது நல்ல விஷயம். சாதாரண மோதல்களைப் பழக்கி வைத்து, அந்தப் பழக்கத்துக்கு ஒவ்வாததை எடுத்து வைக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கருவியில் கோளாறு என்றாலும் ஒவ்வாததாகத்தானே தெரியும்? திண்ணைவாசி சொன்ன கலப்படம் மாதிரி ஆயிரம் வரும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அதற்கும் 500 கட்டுரை எழுதுவார்கள்.

கீழைக்காற்று:
எழுதட்டும் சார். கோளாறா இல்லையா என்று உட்கார்ந்து பார்க்கவும் அது வட்டில் இருக்கணுமே.