ஒலி ஆயுதம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ராணுவத்தின் 'உயிர் பறிக்காத' ஆயுதங்கள் பொதுமக்கள் பக்கம் திரும்பியது பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணீர்ப்புகைப் பகுதி முடிந்தது. 1993-இல் கையெழுத்தான இரசாயன ஆயுத உடன்படிக்கை அதைப் போரில் தடுக்கிறது, கலவரத்தை அடக்கக் காவல்துறைக்கு அனுமதிக்கிறது. எதிரிப் படை மேல் வீசக்கூடாததைச் சொந்த மக்கள் மேல் வீசலாம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, உதவி தேவைப்படுவது எல்ஆர்ஏடி (LRAD) என்கிற, மிக உரத்த ஒலியைத் தொலைவுக்குக் குவித்து அனுப்பும் கருவி பற்றி. 2000-இல் யுஎஸ்எஸ் கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தாக்கப்பட்ட பிறகு அந்நாட்டுக் கடற்படைக்காக உருவானது. 2009-இல் பிட்ஸ்பர்க் ஜி20 போராட்டக்காரர்களை நோக்கி ஒலித்தது. எத்தனை டெசிபலில், எவ்வளவு நேரத்தில் காது நிரந்தரமாகக் கெடும் என்று காது மருத்துவம் தெரிந்தவர்கள் எளிமையாக விளக்க முடியுமா? அப்புறம், இதை எதிர்த்த வழக்குகளின் தீர்ப்பு நகல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். செய்தித் துணுக்குகள் போதாது, மூல ஆவணமே வேண்டும்.