பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு நிதி கேட்டுப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சுவரோரத்து டீச்சர்:
எங்களுடையது நகரத்தில் ஓர் உதவி பெறும் தொடக்கப் பள்ளி. சுவருக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளி. 2023 ஆகஸ்டில் அங்கே காலை உணவு வந்துவிட்டது, எங்களுக்கு இல்லை. புதன்கிழமைகளில் பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போதே பொங்கலின் மிளகு வாசனை சுவர் ஏறி வரும். தாளாளரின் அறக்கட்டளை பெயரில் ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும்) பிரிவுக்கு எழுதினோம். மூன்று மாதத்துக்குச் சுண்டலும் வாழைப்பழமும் தரச் சம்மதித்தார்கள். தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை எல்லோருக்கும் எடை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முதலில் 17.4 கிலோ. மூன்று மாதம் கழித்து 17. கணக்குப்படி, சுண்டல் தின்று 400 கிராம் இளைத்திருந்தான்! தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல் நாள் டவுசர் பை இரண்டிலும் ஜல்லிக்கல் வைத்திருந்தானாம். எடை கூடினால் மார்க் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கல் என்று விரல்களை விரித்து வேறு காட்டினான், கொஞ்சம் பெருமையாக.

பதிவேட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரிபார்க்க வந்த இளைஞர் கேட்டது ஒன்றுதான்: “அடித்தல் திருத்தல் உள்ள பதிவேட்டை நான் எப்படி மேலே அனுப்புவது, மேடம்?” அடுத்த ஆண்டு நிதி வரவில்லை. இதனால்தானா என்று தெரியாது. பேசாமல் விட்டிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை:
டீச்சர், நீங்கள் செய்தது சரி. ஆனால் கையெழுத்தோடு தேதியும் தலைமையாசிரியர் முத்திரையும் இருந்திருந்தால் அந்தத் தம்பி வாயைத் திறந்திருக்க மாட்டார்.

என் கதை நிதியாண்டு முடிவதற்கு முந்தின நாள், மார்ச் 30-ஆம் தேதியில் நடந்தது. நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலை ஐந்து மணிக்கு ஃபோன்: “உங்கள் விண்ணப்பம் தேர்வாகிவிட்டது, நாளைக்குள் பில் வேண்டும்.” நாங்கள் கேட்டிருந்தது சத்துமாவுக் கஞ்சி காய்ச்சும் அம்மாவுக்கு ஓராண்டுச் சம்பளம். சம்பளத்துக்கெல்லாம் தருவதில்லை, பொருளாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தொடர் திட்டமென்றால் செலவாகாத தொகையை நிறுவனம் தனிக் கணக்குக்கு மாற்றிவைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, மூன்று ஆண்டு வரை அவகாசமும் உண்டு. அந்த வேலையை யார் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்? ராத்திரி ஒன்பது மணிக்குப் பாத்திரக் கடை ஷட்டரைப் பாதி தூக்கச் சொல்லி 200 எவர்சில்வர் தட்டு வாங்கினோம். கடைக்காரர் பேர் வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு, “யார் பேர் போடணும், மாப்பிள்ளை வீடா பெண் வீடா?” என்று கேட்டார். நிறுவனத்தின் பெயரைத்தான் போட்டோம். தட்டுகள் இன்றும் பளபளவென்று இருக்கின்றன. கஞ்சி காய்ச்சியவர் ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டார்.

ஓய்வுபெற்ற கல்வி அலுவலர்:
மேலே இருவர் எழுதியதையும் படித்தேன். மன்னிக்கவும், அடிப்படையே தவறு. கம்பெனி வாசலில் போய் ஏன் நிற்க வேண்டும்? 1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தது. காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு. இது அரசின் கடமை என்று ஒரு நூற்றாண்டாக இந்த மண்ணில் நிலைபெற்ற விஷயம்.

என் அனுபவம் சின்னது. ஒரு கிராமத்தில் கோயில் கொடைக்குச் சேர்த்ததில் மிச்சப் பணத்தைப் பள்ளிக்கு முட்டை வாங்கத் தந்தார்கள். பெரியவர் ஒருவர் முட்டை என்றதும் முகம் சுளித்தார். பிறகு பயறு வாங்கினோம். அவ்வளவுதான்.

கேட்டே தீருவோம் என்பவர்களுக்குச் சில யோசனைகள். நிறுவனச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனம்கூட மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். ஆகவே பெரிய பெயர்களுக்கு எழுதிக் காத்திராமல் பக்கத்து ஊர் நூற்பாலையைப் பாருங்கள். உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பசி, ஊட்டச்சத்துக் குறைவு முதல் இனத்திலும் கல்வி இரண்டாம் இனத்திலும் வருகின்றன. உங்கள் திட்டம் எந்த இனத்தில் சேரும் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகளும் மூன்று ஆண்டு வேலை செய்த சான்றும் இல்லாத அறக்கட்டளை நேரத்தை வீணாக்க வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர். நிதி பெறப் பதிந்துகொள்ளும் சி.எஸ்.ஆர்.-1 படிவ எண்ணும் வேண்டும். மார்ச்சில் கேட்காதீர்கள், ஏப்ரல், மே மாதங்களில் போய்ப் பாருங்கள். பள்ளிகளுக்கு அரசே நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

கணக்குப்பிள்ளை:
ஐயா, கம்பெனி வாசலில் நிற்காதே என்று தொடங்கி, எந்த வாசலில் எந்த மாதம் நிற்பது என்று முடித்திருக்கிறீர்கள். டீச்சருடையது உதவி பெறும் பள்ளி. ‘நம்ம ஸ்கூல்’ அரசுப் பள்ளிகளுக்கு.

வகுப்பெடுக்கும் அக்கா:
சாப்பாடு இல்லை, வாழ்க்கைத் திறன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு வாரம் ஒரு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்துத் திறன்களை வைத்துப் பாடத்திட்டம், நன்கொடையாளருக்கு மாதம் 12 புகைப்படம். அந்த வாரம் மறுத்துப் பேசப் பழகும் வகுப்பு. நேராக நில், கண்ணைப் பார், காரணம் சொல்லிக்கொண்டிருக்காதே, “முடியாது” என்று மட்டும் சொல். பத்து நிமிடம் சிரித்துச் சிரித்துப் பழகினார்கள்.

வகுப்பு முடிந்து கேமராவைத் தூக்கினேன். முன்வரிசைப் பெண் எழுந்து நேராக நின்று, என் கண்ணைப் பார்த்து, “முடியாது, அக்கா” என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அடுத்து இன்னொருத்தி எழுந்தாள். அன்றைக்குக் கரும்பலகையையும் வாசலில் கிடந்த செருப்புகளையும் எடுத்து அனுப்பினேன். “பயனாளிகள் எங்கே?” என்று பதில் வந்தது. நன்கொடையாளரின் மதிப்பீட்டுப் படிவத்தில் இந்தத் திறனுக்கு ஐந்துக்கு மூன்றுதான் போட்டிருந்தார்கள்.

பழைய மாணவன்:
எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ’94 பேட்ச் சேர்ந்து காலைச் சுண்டலுக்குப் பணம் திரட்டினோம். வெளிநாட்டு நண்பர்கள்தான் அதிகம் தருவதாகச் சொன்னார்கள். ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி, யார் யார் குடியுரிமை மாற்றியிருக்கிறார்கள் என்பது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாற்றியவர் தந்தால் ஆகும். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவும், புது தில்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். சுண்டலுக்கு!

ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் வாட்ஸ்அப்பில், “உன் பாஸ்போர்ட் என்ன நிறம்?” என்று கேட்டேன். நீலம் என்றான். சந்தோஷப்பட்டேன். கனடா பாஸ்போர்ட்டும் நீலம்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் பணத்தைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதன் பிறகு அவன் குழுவில் எதுவும் எழுதுவதில்லை.

சுவரோரத்து டீச்சர்:
கணக்குப்பிள்ளை, முத்திரை இருந்தது. தேதிதான் இல்லை. அலுவலர் ஐயாவுக்கு: கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும் எங்களைப் போன்ற நகரத்துப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும் காலை உணவு வந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கத்திலும் ஒரே வாசனை.

அந்தப் பையன் நான்காம் வகுப்பில் இருக்கிறான். போன வாரம் மருத்துவ முகாமுக்கு வந்த நர்ஸ் எடை மெஷினை வைத்ததும், யாரும் கேட்காமலேயே டவுசர் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு ஏறினான்.