அந்தப் பாறை தண்ணீருக்கு மேலே தெரியுமா?

மூட் கோர்ட் (சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் போட்டி) அனுபவம் கேட்டிருந்தீர்கள், என்னுடையதைச் சொல்கிறேன். இரண்டு கற்பனை நாடுகள், நடுவில் மூன்று தீவுகள், கொஞ்சம் பாறைகள். நாங்கள் ரெஸ்பாண்டன்ட், அதாவது எதிர்வாதி நாட்டின் தரப்பு. தீவுகள் யாருக்குச் சொந்தம் என்பது என் கூட்டாளியின் பகுதி, கடல் எல்லை என்னுடையது.

2009 கருங்கடல் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன மூன்று படிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் தற்காலிகமாக ஒரு சமதூரக் கோடு (இரு நாட்டுக் கரைகளிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுவது), பிறகு அதை நகர்த்தக் காரணம் உண்டா என்று பார்ப்பது, கடைசியில் கடற்கரை நீளத்தோடு ஒப்பிட்டால் யாருக்காவது மிக அதிகமாகக் கடல் போய்விட்டதா என்ற சோதனை. மூன்றாவது படிவரை போகலாம் என்று நினைத்து எழுந்தேன், இரண்டாவது நிமிடமே நடுவில் இருந்த நீதிபதி நிறுத்திவிட்டார். "கவுன்சல், உங்கள் கோடு இந்தப் பாறையிலிருந்து கிளம்புகிறது. ஓதம் ஏறியிருக்கும்போது அது தண்ணீருக்கு மேலே தெரியுமா?"

தெரியும், யுவர் எக்ஸலன்ஸி என்றேன். எந்தப் பத்தி என்று கேட்டார். பிராப்ளத்தில், அதாவது போட்டிக்குக் கொடுத்த வழக்கு விவரத்தில், பதினான்காம் பத்தியில் இருந்தது ஒரே வரிதான், கப்பலில் போகிறவர்களுக்கு அந்தப் பாறை தெரியும் என்று. ஓதம் ஏறும்போதா வடியும்போதா என்று எங்கேயும் இல்லை! அந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. பேச்சு நின்றுவிட்டது, அந்தச் சுற்றும் போய்விட்டது.

அன்று இரவு நிகரகுவா–கொலம்பியா வழக்கின் 2012 தீர்ப்பை எடுத்து உட்கார்ந்தோம். கித்தாசுவேன்யோ என்ற திட்டில் 54 இடங்களைக் கொலம்பியா காட்டியது. ஓதம் ஏறினாலும் வெளியே நிற்பது என்று நீதிமன்றம் ஏற்றது ஒன்றே ஒன்றைத்தான், அதற்கு 12 கடல் மைல் பிராந்தியக் கடல் (கரையை ஒட்டி நாட்டின் இறையாண்மைக்குள் வரும் கடல்) கிடைத்தது. அடுத்த சுற்றில் இன்னொரு நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார். பிராப்ளத்தில் அதற்கு விடை இல்லை என்று நேராக ஒப்புக்கொண்டேன். அப்புறம், ஓதம் ஏறும்போது பாறை மூழ்குவதாகவே வைத்துக்கொண்டாலும் எங்கள் பெரிய தீவிலிருந்து 9 கடல் மைலில்தான், அந்த 12க்குள்தான் இருக்கிறது, கடல் சட்ட உடன்படிக்கையின் 13ஆம் பிரிவுப்படி பிராந்தியக் கடலை அங்கிருந்து அளக்கலாம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். மாற்று வாதம் இல்லாமல் தயவுசெய்து யாரும் எழுந்து நிற்காதீர்கள்.

பதில்: நான் தீவு உரிமை பேசியவன். எங்கள் பிராப்ளத்தில் எதிர்நாட்டு அதிகாரி ஒருவர் எழுதிய பழைய கடிதம் இருந்தது, தீவு தங்களுடையது இல்லை என்று. மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரு பாறைத் தீவுக்காக மோதிய பெத்ரா பிராங்கா வழக்கின் 2008 தீர்ப்பை நம்பினேன். முதலில் ஜோகூருக்கு (இன்று மலேசியாவின் ஒரு மாநிலம்) சொந்தமாக இருந்த பாறை, 1953இல் ஜோகூர் எழுதிய ஒரு கடிதம், அப்புறம் இரு தரப்பும் நடந்துகொண்ட விதம், எல்லாம் சேர்ந்து 1980க்குள் சிங்கப்பூருக்குப் போய்விட்டது என்பதுதானே தீர்ப்பு. நான் கடிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். "சரி, கடிதத்துக்குப் பிறகு உங்கள் நாடு அந்தத் தீவில் என்ன செய்தது?" என்று நீதிபதி கேட்டார். கலங்கரை விளக்கத்தைப் பராமரித்தது மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது, அதை நான் மெமோரியலில் (எழுத்து வாதத்தில்) சேர்க்கவே இல்லை.